நாலு பேர் மேசையில் மூன்று கிளாஸ்

என் மாமா நெவில் டக்ஸ்பரி ஒரு செவ்வாய்க்கிழமை திவாலானார். அதற்குக் கட்டணம் அறுநூற்று எண்பது பவுண்டு. கையில் காசில்லை என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் முதலில் அந்தக் காசைக் கொண்டுவந்து கட்ட வேண்டும். மாமா ஏழு மாதம் சிறுகச் சிறுகக் கட்டினார். கடைசித் தவணை போனதும் ரசீதை அச்செடுத்துக் கோப்பில் வைத்தார். கடைசி இரண்டு வருடத்தில் அவர் முழுதாகக் கட்டி முடித்த ஒரே தொகை அதுதான்.

எங்கள் ஊரான டார்வெனில் அவருக்கு இருபத்திரண்டு வருடம் குளியலறைச் சாமான் கடை இருந்தது. தொட்டி, பேசின், குழாய், ஓடு எல்லாம் கிடைக்கும். "அடுத்த வாரம் தர்றேன்" என்று யார் சொன்னாலும் நம்புவார். எட்டு வீடு கட்டிய ஒப்பந்தக்காரர் ஒருவர் எட்டுக் குளியலறைக்கும் சாமான் எடுத்துக்கொண்டு அப்படித்தான் சொன்னார். அடுத்த வாரம் அவருடைய கம்பெனி மூடியிருந்தது. அதற்கடுத்த மாதம் அதே தெருவில் எதிர்ப்பக்கம் வேறு பெயரில் திறந்தது. அந்த ஆள் திவாலாகவில்லை, அவருடைய கம்பெனிதான் ஆனது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மாமா எழுபத்தோராயிரம் பவுண்டு செலவில் தெரிந்துகொண்டார்.

அந்தச் சமயம்தான் நான் நாலு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தேன். அம்மா வீட்டில் என் அறையில் அம்மாவின் தையல் மெஷின் குடியேறியிருந்ததால் மாமா வீட்டுப் பின்னறைக்குப் போனேன். அடுத்த பயணத்திற்குக் காசு சேரும்வரை என்று சொல்லி வாரம் ஐம்பது பவுண்டு வாடகை பேசினேன். அதனால் மாமாவின் வருமானப் படிவத்தில் நானும் ஒரு கட்டத்தில் ஏறினேன்.

அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திவாலானதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. சம்பாத்தியத்தில் நியாயமான வாழ்க்கைச் செலவு போக ஏதாவது மிஞ்சினால், அதை மூன்று வருடம் மாதாமாதம் திவால் அலுவலகத்திற்குக் கட்ட வேண்டும். அவர்கள் தங்கள் செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எது நியாயமான செலவு என்று தீர்மானிக்கத்தான் படிவம். மாமா இப்போது கட்டுமானச் சாமான் கடையொன்றில் டெலிவரி வேன் ஓட்டுகிறார். கைக்கு வருவது மாதம் ஆயிரத்து அறுநூற்று நாற்பது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேசையில் உட்கார்ந்து நான் கேட்க அவர் சொல்ல, படிவத்தை நிரப்பினோம்.

"முடி வெட்ட மாசம் எவ்வளவு மாமா?"

மாமா தலையைத் தடவிப் பார்த்தார். அங்கே முடி நின்று போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது.

"சைபர் போடு."

"பன்னெண்டு பவுண்டு போட்டா யாரும் கேக்க மாட்டாங்க மாமா."

"இல்லாத முடிக்கு நான் எப்படிப் புள்ள காசு கேக்கறது?"

சைபர் போட்டேன். நாய் உண்டா? சைபர். சிகரெட்? சைபர். அவர் போட்ட ஒவ்வொரு சைபருக்கும் அபராதம் இருந்தது. செலவு குறைந்தால் மிச்சம் கூடும், மிச்சம் கூடினால் கட்ட வேண்டியதும் கூடும். நாலு நாய் வளர்க்கும் ஒரு சுருட்டை முடிக்காரன் இதே சம்பளத்தில் ஒரு பைசா கட்டாமல் தப்பித்துவிடுவான். மாமா கட்ட வேண்டியது மாதம் அறுபத்திரண்டு பவுண்டு என்று வந்தது. அதில் அவருடைய வழுக்கைக்கே பன்னிரண்டு பவுண்டு என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சரிதான் என்றிருப்பார்.

பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் மட்டும் அவர் ஒரு தொகை சொன்னார். வெள்ளிக்கிழமை, ஒரு ரவுண்டு, நாலு கிளாஸ் பீர், பன்னிரண்டு பவுண்டு எண்பது பென்ஸ். மாதத்திற்கு ஐம்பத்தைந்து பவுண்டு நாற்பத்தேழு பென்ஸ். அந்த நாற்பத்தேழு பென்ஸை விட்டுவிடக் கூடாது என்று பேனாவால் மேசையைத் தட்டிச் சொன்னார்.

ஸ்பிரிங் தெரு உழைப்பாளர் கிளப்பில் ஜன்னலோர மேசை அவர்களுடையது. நாலு பேர், பத்தொன்பது வருடம். பஸ் ஓட்டும் ட்ரெவர் முதல் ரவுண்டு வாங்குவார். சவ ஊர்தி ஓட்டும் கிளைவ் இரண்டாவது. மாமா மூன்றாவது. ஓடு பதிக்கும் டெரிக் ஹாவொர்த் நாலாவது. வரிசை மாறியதில்லை. யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்தியதில்லை. கிளாஸில் இரண்டு விரல் அளவு மிஞ்சும்போது முறைக்காரர் எழுந்துவிடுவார். எழுந்திருக்கத் தாமதிக்கும் ஆளைப் பற்றி எங்கள் ஊரில் அவனுடைய பேரன் காலம்வரை பேசுவார்கள்.

டெரிக்குக்கு மாமா இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது பவுண்டு தர வேண்டும். கடையின் வாடிக்கையாளர் வீடுகளில் ஓடு பதித்த கூலி. கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் பதினொன்றாவது. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் ஊரில் ஒருவரிடம் மூலநோய் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கலாம். ஓடிப்போன மனைவியின் விலாசம் கேட்கலாம். கொடுத்த பணம் என்னவாயிற்று என்று மட்டும் கேட்க முடியாது. கடை போய்விட்டது, சொந்த வேன் போய்விட்டது. மாமாவுக்கு மிஞ்சியது அந்த மேசையில் ஒரு நாற்காலி. டெரிக்கின் எதிரே அதில் தலைநிமிர்ந்து உட்கார அவரிடம் இருந்த ஒரே உரிமை, மூன்றாவது ரவுண்டு தன்னுடையது என்பது.

படிவம் அனுப்பிப் பத்து நாளில் அலுவலகத்திலிருந்து மிஸ் ஹெப்பிள் என்ற அதிகாரி போன் செய்தார். மாமா ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தார். நல்ல, பொறுமையான குரல்.

"மிஸ்டர் டக்ஸ்பரி, வெள்ளிக்கிழமைக்கு அம்பத்தஞ்சு பவுண்டு போட்டிருக்கீங்க. மத்தவங்களுக்கு பீர் வாங்கிக் குடுக்கறது வாழ்க்கைச் செலவுல வராதுங்களே."

"வாங்கிக் குடுக்கறதில்லீங்க. என் முறை வந்தா நான் நாலு வாங்குவேன். அவங்க முறை வந்தா அவங்க நாலு வாங்குவாங்க."

"நீங்க மொத்தம் எத்தனை குடிக்கறீங்க?"

"நாலு."

"எத்தனைக்குக் காசு குடுக்கறீங்க?"

"நாலு."

"அப்ப சரி. உங்க நாலு கிளாஸுக்கு நீங்க காசு குடுக்கறீங்க. சொந்தப் பொழுதுபோக்குன்னு போட்டுக்கறேன். தொகை மாறாது."

அங்கேயே நன்றி சொல்லி வைத்திருக்கலாம்.

"அது தப்புங்க" என்றார் மாமா. "நான் வாங்கற நாலுல ஒண்ணுதான் நான் குடிக்கறது. மிச்சம் மூணை அவங்க குடிக்கறாங்க. நான் குடிக்கற மத்த மூணு அவங்க வாங்கினது."

மறுமுனையில் பேனா கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்படிப் பாத்தா வாரம் மூணு கிளாஸ் உங்களுக்கு இனாமா வருது. அதை வரவுல காட்டணும்ங்கறீங்களா?"

"காட்டணுங்களா?"

மேசைக்கடியில் மாமாவின் காலை மிதித்தேன்.

"வேணாம் மிஸ்டர் டக்ஸ்பரி. சொந்தப் பொழுதுபோக்கு. இதோட விட்டுருவோம்."

"சரிங்க. ஆனா அதுல ஒருத்தர் பதினோராம் நம்பர்ங்க."

"எதுல?"

"உங்க லிஸ்ட்ல. டெரிக் ஹாவொர்த்."

மிஸ் ஹெப்பிள் நீண்ட மூச்சு விட்டார். "இதை நீங்க எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். "சொல்லிட்டீங்க. லெட்டர் ஒண்ணு அனுப்பறேன்."

கடிதம் வந்தது. ஒரு பக்கம்தான். முதல் பத்தியில், மாதம் ஐம்பத்தைந்து பவுண்டு சொந்தப் பொழுதுபோக்குக்கு ஏற்கப்பட்டது என்றிருந்தது. நாற்பத்தேழு பென்ஸைக் காணோம். இரண்டாம் பத்தி எல்லோருக்கும் அனுப்பும் பொதுவான வாசகம்: பட்டியலில் உள்ள கடன் கொடுத்தவர் எவருக்கும் தாங்கள் நேரடியாகப் பணமோ பிற பலனோ அளிக்கலாகாது.

மாமா 'பிற பலன்' என்ற சொற்களின் கீழே கோடு போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி படித்தார்.

"பீர் பலன்தான புள்ள?"

"மாமா, இது பேங்க்குக்கு ரகசியமா காசு கட்டறவங்களுக்கு எழுதினது. இதுல பீர் எங்க இருக்கு?"

"எழுத்துல இருக்கறதத்தான நான் பாக்க முடியும்?" என்றார்.

அந்தக் கிளப்பில் பீர் ஊற்றித் தருவதுதான் அப்போது என் வேலை. ஆகவே அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை நான் நேரில் பார்த்தேன். ட்ரெவர் வந்து நாலு வாங்கிப் போனார். கிளைவ் நாலு வாங்கிப் போனார். பிறகு மாமா வந்து, என் முகத்தைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துச் சொன்னார்.

"மூணு."

"மாமா."

"மூணுதான் கண்ணு. ஊத்து."

மூன்று கிளாஸைத் தட்டில் வைத்துக்கொண்டு போனார். ட்ரெவர் முன்னால் ஒன்று வைத்தார். கிளைவ் முன்னால் ஒன்று. தன் முன்னால் ஒன்று. டெரிக் தன் காலிக் கிளாஸை ஏற்கெனவே ஓரமாக நகர்த்தி இடம் பண்ணி வைத்திருந்தார். அந்த இடம் அப்படியே இருந்தது. ட்ரெவர் விட்டத்தைப் பார்த்தார். கிளைவ் உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டை எடுத்து அதன் பின்பக்கம் அச்சிட்டிருந்ததை முழுவதும் படித்தார். மாமாவின் காது மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. அவர் யாரையாவது கத்தியால் குத்தியிருந்தால்கூட அங்கே இவ்வளவு அமைதி விழுந்திருக்காது.

"பரவால்ல" என்றார் டெரிக். "நான் மெதுவாக் குடிக்கற ஆளு."

அவர் கிளாஸ் பத்து நிமிடமாகக் காலி.

பிறகு அவருடைய முறை வந்தது. எழுந்து என்னிடம் வந்தார். மேசைக்குக் கேட்கும்படி "நாலு" என்றார். கொண்டுபோய் முதல் கிளாஸை மாமாவின் முன்னால் வைத்தார்.

அடுத்த வெள்ளியும் இதே கதை. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. மாமா மூன்று வாங்குவார், டெரிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பிறகு போய் நாலு வாங்கி வருவார். நான் மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அவர்கிட்ட காரணத்தையாவது சொல்லுங்களேன். லெட்டரைக் காட்டுங்க."

"காட்டினா அந்த ரெண்டாயிரத்து எண்ணூத்தைப் பத்திப் பேசின மாதிரி ஆயிடும்."

"பேசினா என்ன?"

மாமா என்னை வருத்தத்தோடு பார்த்தார். "நீ ரொம்ப நாள் வெளியூர்ல இருந்துட்ட" என்றார்.

உண்மைதான். நான் இருந்த ஊர்களில் கடன் கொடுத்தவர் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்துவார், கடன் வாங்கியவர் திருப்பிக் கத்துவார், பிறகு இருவரும் உள்ளே போய்ச் சாப்பிடுவார்கள். டார்வெனில் அந்த வழி கிடையாது. நீயும் அவரிடம் மூச்சுவிடக் கூடாது என்று மாமா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வாரம் ஒரு கிளாஸ் வீதம் தான் டெரிக்கிடம் புதிதாகக் கடன்படுகிறோம் என்பதும் அவருக்கு உறைத்திருந்தது. திவாலானவர் ஐந்நூறு பவுண்டுக்கு மேல் கடன் வாங்கினால் தன் நிலையைச் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். வாரம் மூன்று பவுண்டு இருபது பென்ஸ் வீதம் ஐந்நூறை எட்ட மூன்று வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டு, கொஞ்சம் ஆறுதலடைந்தார்.

கிளப் தானாகவே காரணம் கண்டுபிடித்தது. அத்தை மாமாவைப் பிரிந்து ஸ்பெயினுக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. டெரிக்கும் பதினோரு வருடத்திற்கு முன் ஸ்பெயினுக்கு விடுமுறை போயிருந்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்? டெரிக் அங்கே மனைவி, மாமியார், மூன்று பிள்ளைகளோடு போனார் என்பதை யாரும் லட்சியம் செய்யவில்லை. கிளைவ் என்னிடம் வந்து குனிந்து கேட்டார்.

"உங்க மாமனுக்கு என்ன புள்ள கிறுக்கு? அந்த ஸ்பெயின் சமாச்சாரமா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"இருபது வருஷமா பொணத்த ஏத்திட்டுப் போறேன். பின்னாடி இருக்கறவங்கூட இவனுங்க ரெண்டு பேரவிட கலகலப்பா வருவான்."

நாலாவது வாரமும் போனது. ஐந்தாம் வெள்ளியன்று டெரிக் வரவில்லை. மாமா வந்து மூன்று கேட்டார். மூன்று பேருக்கு மூன்று கிளாஸ். எண்ணிக்கை சட்டத்திற்கும் சரியாக இருந்தது, மேசைக்கும் சரியாக இருந்தது. மாமா தன்னுடையதில் பாதியைக் குடிக்காமல் வைத்துவிட்டார். ட்ரெவர் முழங்கால் வலிக்கிறது, அடுத்த வாரம் வருவது சந்தேகம் என்றார். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் மாமா ஒன்று மட்டும் சொன்னார்.

"டெரிக் இல்லாத மேசைக்கு நான் எந்த மூஞ்சியோட போறது? இனிமே வெள்ளிக்கிழமைய வெட்டிரு. கட்டம் மாறினத அவங்களுக்கு எழுதணும். மாசம் இன்னும் அம்பத்தஞ்சு கட்டணும்."

நான் எழுதவில்லை. எழுதினேன் என்று பொய் சொன்னேன்.

ஞாயிறு காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. மாமா திறந்தார். தூறலில் டெரிக் நின்றிருந்தார். தோளில் ஒரு அலுமினிய ஏணி.

"உன் ஏணி."

"என் ஏணியா?"

"பதினோரு வருஷம் முன்னாடி வாங்கிட்டுப் போனேன். கொண்டாந்துட்டேன். பிடி."

கேட்காமல் இரவல் சாமான் திரும்பி வருவதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: உறவு முடிந்தது. மாமாவின் முகம் வெளுத்தது. அந்த அர்த்தம் புரிந்துதான் வெளுக்கிறார் என்று நினைத்தேன்.

"ஐயையோ" என்றார் மாமா. "இதை நான் லிஸ்ட்ல போடலியே!"

"எந்த லிஸ்ட்?"

"சொத்து லிஸ்ட். எனக்கு ஏணி இருக்குங்கறதே மறந்து போச்சு. உள்ள கொண்டு வராதடா! சொத்த மறைச்சதா ஆயிடும்."

"அப்ப நான் எங்க வைக்கறது? ரோட்டுலயா?"

"உங்கிட்டயே இருக்கட்டும்."

"உன் சாமான் ஒண்ணும் எனக்கு வேணாம்."

"உனக்குத் தர்றேன்னு சொன்னனா? தரவே முடியாது! பதினோராம் நம்பருக்கு சொத்தத் தள்ளி விட்டுட்டான்னு ஆயிடும்."

டெரிக் ஏணியை இன்னொரு தோளுக்கு மாற்றினார். அதன் முனை மாமாவின் வாசல் விளக்கை இடித்தது.

"யாருடா அது பதினோராம் நம்பர்?"

மாமா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான்" என்றார்.

பிறகு எல்லாம் வந்தது. படிவம், போன், இனாம் பீர், பிற பலன். மாமா உள்ளே ஓடிப் போய்க் கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்து வந்து நீட்டினார். டெரிக் ஏணியோடு நின்றபடியே சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். காகிதத்தில் தூறல் விழுந்தது. மாமா தன் கையால் அதற்குக் கூரை பிடித்தார்.

"இதுக்காகவாடா மூணு கிளாஸ்?"

"எழுத்துல இருக்கே."

"ரெண்டாயிரத்து எண்ணூத்து அறுவது போச்சே, நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டனா?"

"கேக்கல."

"அதுக்காக ஒரு நாள் தூக்கம் கெட்டனா? கெடல. மூணு பவுண்டு இருவது பென்ஸுக்கு நான் நாலு வாரம் முழிச்சுக் கெடந்தேன்டா! என் பொண்டாட்டி என்னை டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா. அந்தாளு ரத்தம் எடுத்துப் பாத்தான். நான் என்னத்தச் சொல்வேன்? ஃப்ரெண்டு எனக்கு மட்டும் பீர் வாங்கலைன்னா?"

டெரிக்குக்கு நிறுத்த முடியவில்லை.

"உங்க ஆபீஸ்ல இருந்து எனக்கும் படிவம் வந்துச்சு. எவ்வளவு பாக்கி, எழுதி அனுப்பு, பவுண்டுக்கு ரெண்டு பென்ஸ் வந்தாலும் வரும்னு. கிழிச்சுக் குப்பையில போட்டேன். நீ ஏற்கெனவே நொந்து போயிருக்கன்னு."

இந்த இடத்தில் மாமா கண்கலங்குவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்தது.

"கிழிச்சுட்டியா? அம்பத்தேழு பவுண்டு இருவது பென்ஸ்டா! நான் மாசாமாசம் யாருக்காகக் கட்டறேன்? நீ எழுதி அனுப்பலைன்னா உன் பங்கும் அந்தக் கிரெடிட் கார்டுக்காரனுக்குப் போகும்! உடனே வேற படிவம் கேட்டு வாங்கிப் போடு."

"போடறேன். நீ ரவுண்டை ஒழுங்கா வாங்கு."

"முடியாதே. சொந்தப் பொழுதுபோக்குக்கு மட்டும்தான்னு எழுதியிருக்கு. உனக்கு பீர் வாங்கறது எப்படி என் சொந்தப் பொழுதுபோக்கு ஆகும்?"

"பத்தொம்பது வருஷமா வெள்ளிக்கிழமை வேற என்னடா பண்ணிக்கிட்டிருந்த?"

மாமா கடிதத்தை வாங்கி முதல் பத்தியைப் படித்தார். சொந்தப் பொழுதுபோக்கு. இன்ன பொழுதுபோக்கு என்று அதில் எங்கும் வரையறை இல்லை. இரண்டாம் பத்தியைப் படித்தார். திரும்ப முதல் பத்திக்கு வந்தார். அவர் முகத்தில் வெயில் ஏறுவது போல ஏதோ நடந்தது.

"அப்படிப் படிக்கலாம்" என்றார்.

ஏணியை வேலியோரம், வீட்டுக்கு உள்ளேயும் இல்லாமல் தெருவிலும் இல்லாமல் சாத்தினார்கள். அதன் வயது, நீளம், ஒரு படி வளைந்திருப்பது எல்லாவற்றையும் மாமா அன்றே என்னை எழுதவைத்து மிஸ் ஹெப்பிளுக்கு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை ட்ரெவரின் முழங்கால் சரியாகிவிட்டிருந்தது. டெரிக் தன் நாற்காலியில் இருந்தார். ட்ரெவர் வாங்கினார், கிளைவ் வாங்கினார். கிளாஸ்களில் இரண்டு விரல் அளவு மிஞ்சியபோது மாமா எழுந்து என்னிடம் வந்தார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தார்.

"நாலு."

ஊற்றினேன். காசு கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய காகித உறையை எடுத்து, அதிலிருந்த சில்லறையைக் கவுண்டரில் கொட்டி வரிசையாக அடுக்கினார். பன்னிரண்டு பவுண்டு எண்பது. டெரிக்கை விட்டுவிட்டு வாங்கிய நாலு வாரமும் மிஞ்சிய காசு. எந்தக் கட்டத்தில் காட்டுவது என்று தெரியாமல் தனியே வைத்திருந்திருக்கிறார்.

"இன்னும் நாலு" என்றார்.

எட்டு கிளாஸையும் இரண்டு தட்டில் நானே கொண்டுபோனேன். ரவுண்டு நாலும் ஆளுக்கொன்றாகப் போனது. மிச்சம் நாலையும் மாமா டெரிக்கின் முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். மேசை அதைப் பார்த்தது. பக்கத்து மேசைகளும் பார்த்தன.

"என்னடா இது?" என்றார் டெரிக்.

மாமா உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். பத்தொன்பது வருடத்தில் அந்த மேசையில் பணத்தைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் வார்த்தைகள் அவை.

"பழைய பாக்கியில ஒரு பென்ஸ்கூட என்னால நேரடியாத் தர முடியாது டெரிக். அது ஆபீஸ் வழியாத்தான் வரும், வந்தா. ஆனா இந்த நாலும் நான் திவாலானதுக்கு அப்புறம் உங்கிட்ட பட்ட கடன். அந்த லிஸ்ட்ல இது சேராது. இதை நான் முழுசா அடைக்கணும். சட்டம் அப்படி."

டெரிக் தன் முன்னால் இருந்த ஐந்து கிளாஸையும் எண்ணிப் பார்த்தார்.

"நான் வண்டி எடுத்துட்டு வந்திருக்கேன்டா."

"அத இங்கயே விட்டுரு" என்றார் கிளைவ். "என் வண்டில கொண்டு போய் விடறேன். கால் நீட்டிப் படுத்துக்கிட்டே போகலாம். இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல."

மேசை சிரித்தது. ட்ரெவர் சிரித்துச் சிரித்துத் தன் பட்டாணித் தட்டைக் கவிழ்த்தார். டெரிக் முதல் கிளாஸை எடுத்தார். ஒன்றைக்கூட யாரோடும் பகிரவில்லை. பகிர்ந்தால் கணக்கு கெட்டுவிடும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. கிளப் மூட மணி அடிக்கும் சமயம் கடைசிக் கிளாஸைக் கீழே வைத்து, புறங்கையால் மீசையைத் துடைத்தார்.

"தீந்துது" என்றார்.

"எல்லாமா?" என்றார் மாமா.

"எல்லாம்."

எழுபத்தோராயிரம் பவுண்டு கடனில் திவாலான என் மாமா, கடன் கொடுத்த ஒருவருக்குப் பவுண்டுக்கு நூறு பென்ஸ் வீதம் கொடுத்துத் தீர்த்ததை நான் அன்று கண்ணால் பார்த்தேன். டெரிக் எழுந்து, நாற்காலியைப் பிடித்து நிதானித்து, கவுண்டருக்கு வந்தார். நாலாவது ரவுண்டு இன்னும் பாக்கி என்றும் அது தன்னுடையது என்றும், மூடும் நேரம் ஆகிவிட்டது என்று நான் எத்தனை தடவை சொல்லியும் கேட்காமல், ஒற்றைக் காலில் நின்றார்.